பழைய காரைப் பிரித்துக் கட்டுகிறீர்களா? பாதியில் நிற்காமல் முடிக்க ஒரு வழிகாட்டி

ஒரு பழைய காரை வாங்கி, பிரித்து, சரிசெய்து, நம் விருப்பத்துக்குச் சில மாற்றங்களும் செய்து மறுபடி ஓட்டவேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இந்த வேலையில் இறங்கியபோது ஒவ்வொரு பாகத்தையும் எப்படிக் கழற்றுவது என்று சொல்லித்தர ஆள் இருந்தது. எதை முதலில் செய்வது, எதற்கு எவ்வளவு நாள் பிடிக்கும், எந்தக் காகிதம் இல்லாவிட்டால் மொத்த உழைப்பும் வீண் என்று சொல்லத்தான் யாரும் இல்லை. அதில் பட்ட பாடு கொஞ்சமல்ல. விற்பனைக்கு வரும் பழைய கார்களில் எத்தனையோ, ‘முக்கால்வாசி வேலை முடிந்தது’ என்ற குறிப்போடு அட்டைப்பெட்டிகளில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். வேலையின் வரிசை தப்பினால் நம் காரும் அங்கேதான் போய்ச் சேரும்.

1. காரைப் பார்ப்பதற்கு முன் காகிதத்தைப் பாருங்கள்

பதிவுச் சான்றை ஒரு கையில் வைத்துக்கொண்டு காரின் சேஸிஸ் நம்பரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். 1981-க்குப் பிறகு வந்த கார்களில் பெரும்பாலும் 17 எழுத்து-எண் கொண்ட அடையாள எண் இருக்கும். அதற்கு முந்தையவற்றில் ஒவ்வொரு கம்பெனியும் தன் முறைப்படி, குறைந்த இலக்கங்களில் போட்டிருக்கும். இரும்பில் நேரடியாகக் குத்தப்பட்ட எண்ணைத்தான் நம்பவேண்டும். ரிவெட் அடித்த தகட்டை ஒரு காரிலிருந்து கழற்றி இன்னொன்றில் பொருத்த முடியும். துருவும் கிரீஸும் மூடியிருந்தால் மண்ணெண்ணெயும் துணியும் கொண்டு துடைத்துப் பாருங்கள். அரம் போட்டுத் தேய்க்கவேண்டாம்.

என்ஜின் நம்பரையும் பாருங்கள். இத்தனை வருடத்தில் என்ஜின் மாற்றப்பட்டிருப்பது சகஜம்தான். அந்த மாற்றம் பதிவில் ஏறியிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

எனக்கு விற்றவர் கொடுத்த சான்றில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. பதிவு அலுவலகம் அதைத் திருத்தித் தரும்வரை, மாதக்கணக்கில், காரின் மேல் கைவைக்க முடியவில்லை. அதனால் சொல்கிறேன்: எழுத்துப் பிழை, பெயர்ப் பிழை, பழைய கடன் பாக்கி, கட்டாத வரி, உரிமையாளர் இறந்துபோயிருந்தால் வாரிசுகளின் ஒப்புதல் எல்லாவற்றையும் விற்பவர் முடித்துக் கொடுத்தபிறகு முழுப் பணத்தைக் கொடுங்கள். ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்றால் அந்த அலைச்சல் உங்கள் தலையில்தான் விழும். உடைப்புக்குப் போனதாகப் பதிவு ரத்தான காருக்குப் பல நாடுகளில் திரும்ப உயிர் கொடுக்கவே வழியில்லை. அது எவ்வளவு மலிவாக வந்தாலும் உதிரிபாகத்துக்கு மட்டுமே ஆகும்.

2. மாற்றம் எதுவரை செய்யலாம் என்று இப்போதே கேளுங்கள்

பழமையான கார் என்ற சலுகை வேண்டுமா, மனம்போல மாற்றவேண்டுமா? இரண்டும் சேர்ந்து கிடைப்பது அரிது. இந்தியாவில் 2021-இல் வந்த விதிப்படி, முதல் பதிவாகி 50 வருடம் கடந்த கார் விண்டேஜ் ஆகலாம். ஆனால் சேஸிஸிலோ பாடியிலோ என்ஜினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது. அன்றாடப் போக்குவரத்துக்கும் ஓட்டக்கூடாது. ஜெர்மனியில் 30 வயதான காருக்குத் தனி ‘ஹெச்’ நம்பர் பலகை உண்டு. மாற்றம் ஏதும் இருந்தால் அந்தக் காலத்துக்குப் பொருந்துவதாக இருக்கவேண்டும். பிரிட்டனில் 40 வயது தாண்டிய கார் வருடாந்தரச் சோதனைக்குப் போகவேண்டாம். கடந்த 30 வருடத்துக்குள் பெரிய அளவில் மாற்றியிருந்தால் அந்த விலக்கு போய்விடும்.

உங்கள் ஊர் விதி எதுவானாலும், என்ஜின் மாற்றம், எரிபொருள் மாற்றம், சேஸிஸை வெட்டுவது, இருக்கை எண்ணிக்கை, நிறம் ஆகிய ஐந்தையும் பற்றி எழுத்துமூலம் பதில் வாங்கிக் கோப்பில் வையுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்ன அதிகாரி, நீங்கள் சோதனைக்குக் காரைக் கொண்டுபோகும் நாளில் அதே நாற்காலியில் இருக்கமாட்டார்.

3. துருவைப் பார்த்து வாங்குங்கள்

என்ஜின் ஓடுகிறதா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். ஓடாத என்ஜினைச் சரிசெய்யும் செலவை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். உளுத்துப்போன பாடியின் செலவைச் சொல்லவே முடியாது. பெயின்டைச் சுரண்டச் சுரண்ட ஓட்டை வளர்ந்துகொண்டே போகும். தனிச் சேஸிஸ் இல்லாமல் பாடியே சேஸிஸாக இருக்கும் கார் என்றால், துரு தின்ற இடம்தான் காரைத் தாங்கவேண்டிய இடமாகவும் இருக்கும்.

கதவுக்கடியில் நீளமாக ஓடும் பெட்டிப் பகுதி, சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்கள், ஜாக் வைக்கும் புள்ளிகள், மிதியடிக்குக் கீழே உள்ள தரை, பேட்டரித் தட்டு, கண்ணாடி ரப்பரின் அடி, ஸ்டெப்னி வைக்கும் குழி, இவற்றைப் பாருங்கள். துணி சுற்றிய சின்னக் காந்தம் ஒன்று போதும்: அது ஒட்டாத இடத்தில் உள்ளே பட்டி பூசியிருக்கிறது. அலுமினியப் பாகமாக இருந்தாலும் ஒட்டாது, அதை மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கதவைத் திறந்து மூடுங்கள். கதவின் சுற்று இடைவெளி மேலே ஒரு அளவும் கீழே ஒரு அளவும் என்றால், பாடி தொய்ந்திருக்கலாம் அல்லது முன்பு அடிபட்டிருக்கலாம்.

பாகம் கிடைக்கும் காரையே முதல் வேலைக்கு எடுங்கள். பீட்டில், மினி, எம்ஜிபி போன்றவை லட்சக்கணக்கில் ஓடியவை. அவற்றுக்கு ரப்பர் முதல் தகடுவரை இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். எம்ஜிபிக்கு முழு பாடியையே புதிதாகச் செய்து விற்கிறார்கள். அரிய காரில் பிஸ்டனைக்கூட எங்காவது செய்து வாங்கிவிடலாம். பின்விளக்குக் கண்ணாடி, குரோம் பட்டை, வளைந்த முன்கண்ணாடி இதெல்லாம் இல்லையென்றால் இல்லைதான். எனவே ‘எல்லாப் பாகமும் இருக்கிறது, ஓடாது’ என்ற காரை, ‘ஓடும், சில சில்லறைப் பாகம் இல்லை’ என்ற காரைவிட நான் உயர்வாக மதிப்பேன்.

4. பணமும் நாளும்

எல்லோருக்கும் பொருந்துகிற தொகை என்று ஒன்று கிடையாது. ஆனால் செலவு எங்கே போகும் என்று சொல்லமுடியும். டிங்கரிங்கும் பெயின்டும்தான் பெரும்பாலான கார்களில் முதலிடம். அடுத்து என்ஜின், கியர்பாக்ஸ் வேலை. மூன்றாவதாக, யாரும் எதிர்பார்க்காமல் வருவது குரோம் பூச்சும் உள்ளலங்காரமும். பம்பர் முதல் கைப்பிடிவரை எல்லாவற்றுக்கும் குரோம் போட விலை விசாரித்துவிட்டு அப்புறம் பட்ஜெட் போடுங்கள். வந்த கூட்டுத்தொகைக்கு மேல் மூன்றில் ஒரு பங்கைத் தனியாக ஒதுக்குங்கள். பாடியைச் சுத்தம்செய்து உள்ளே இருப்பது தெரிந்ததும் அந்தப் பங்குக்கு வேலை வந்துவிடும்.

நேரக் கணக்கு இப்படி: காரை முழுக்கப் பிரித்துக் கட்ட ஆயிரம் மணிநேரம் ஆவது சாதாரணம். வாரம் எட்டு மணிநேரம் ஒதுக்கமுடிந்தால் 125 வாரம், அதாவது இரண்டு வருடத்துக்கும் மேல். குடும்பத்திடம் இந்த எண்ணை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

லேத் பட்டறையும் குரோம் பட்டறையும் பாகத்தை வாரக்கணக்கில், சிலசமயம் மாதக்கணக்கில் வைத்துக்கொள்ளும். அதனால் அவற்றுக்குப் போகவேண்டியதை முதலில் அனுப்பிவிட்டு, அது திரும்பும்வரை பாடி வேலையைப் பாருங்கள். இதற்கு நேர்மாறாக, டயர், பேட்டரி, பிரேக் ஆயில், எலெக்ட்ரானிக் பொருள் எதையும் ஆரம்பத்தில் வாங்கி அடுக்காதீர்கள். கார் ஓடும் நாளில் உத்தரவாதம் முடிந்திருக்கும், டயருக்கும் வயதாகியிருக்கும். டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கம் அது பிறந்த வாரமும் வருடமும்: 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம். மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் 2000-க்கு முந்தையது. பட்டன் (தரையில் படும் வரிகள்) எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதில் ஓட்டாதீர்கள்.

கார் பிரிந்து கிடக்கும்போதும் இன்ஷூரன்ஸ் வேண்டும். தீயும் திருட்டும் கொட்டகைக்குள்ளும் வரும். வேலை முடிந்தபின், மதிப்பை முன்பே ஒப்புக்கொண்டு எழுதும் பாலிசி எடுங்கள். சாதாரணப் பாலிசி உங்கள் காரை வெறும் பழைய காராகத்தான் மதிப்பிடும். ரசீதுகளும் படங்களும் அந்த மதிப்புக்கு ஆதாரம், ஒன்றையும் தூக்கிப்போடாதீர்கள். செய்த மாற்றங்களை மறைத்தால் விபத்து நடந்த நாளில் இழப்பீடு நின்றுபோகலாம்.

5. மொத்தமாகப் பிரிக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். கார் தன் நான்கு சக்கரத்தில் உருளும் நிலையில் முடிந்தவரை நாள் வைத்திருங்கள். உருளும் காரை இடம் மாற்றலாம், பட்டறைக்கு அனுப்பலாம், தேவைப்பட்டால் விற்கவும் செய்யலாம். ஓடும் நிலையில் வாங்கியிருந்தால், பிரேக்கைச் சரிசெய்து பாதுகாப்பான இடத்தில் கொஞ்சம் ஓட்டிப்பாருங்கள். எந்தக் கியர் தானாகக் கழல்கிறது, சூடானபின் ஆயில் அழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்பதெல்லாம் பிரித்துப்போட்ட என்ஜினிடம் கேட்டால் தெரியாது.

பிரிக்கும்போது ஒவ்வொரு பகுதியையும் கழற்றுமுன் படம், கழற்றியபின் படம். ஒயர் போகும் வழி, வாஷர் அடுக்கிய வரிசை, ஷிம் (இடைவெளி நிரப்பும் மெல்லிய தகடு) எந்தப் பக்கம் எத்தனை, இவற்றைக் கிட்டத்தில் எடுங்கள். நட்டு போல்ட்டுகளை ஜிப் பையில் போட்டு, உள்ளே ஒரு துண்டுச் சீட்டும் வெளியே எழுத்துமாக வையுங்கள். வெளியே எழுதியது எண்ணெய் பட்டு அழிந்துவிடும். பழைய பாகத்தைப் புதியது பொருந்தும்வரை எறியாதீர்கள். புதிதாக வரும் பாகம் பலசமயம் அளவு கொஞ்சம் தப்பித்தான் வரும், ஒப்பிட்டுப் பார்க்கப் பழையது வேண்டும்.

பாதுகாப்பில் சிலவற்றுக்குச் சமரசமே கிடையாது. ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள். செங்கலும் சிமென்ட் கல்லும் திடீரென்று நொறுங்கும். பழைய பிரேக் ஷூவிலும் கிளட்ச் பிளேட்டிலும் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டிங் வைத்தால் ஃபாஸ்ஜீன் என்ற கொடிய நச்சுவாயு கிளம்பும். காலி பெட்ரோல் டாங்கியில் ஒருபோதும் வெல்டிங் வைக்காதீர்கள். உள்ளே நிற்கும் ஆவிதான் வெடிப்பது.

6. பாடி

கதவுக்கடிப் பெட்டியை வெட்டுமுன், கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துத் தற்காலிகமாகப் பிணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வெட்டிய நொடியில் பாடி ஒரு மில்லிமீட்டர் இரண்டு மில்லிமீட்டர் என்று தொய்யும். புதுத்தகட்டை அந்தத் தொய்வோடே வெல்டிங் வைத்துவிட்டால் கதவு அப்புறம் எந்தக் காலத்திலும் சரியாக மூடாது. ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் கதவை மாட்டி இடைவெளி பாருங்கள். அலுப்பாகத்தான் இருக்கும்.

மணல் வீச்சில் சுத்தம்செய்வது தடித்த சேஸிஸ், ஆக்ஸில் போன்றவற்றுக்கு நல்லது. பானெட், கதவு, கூரை மாதிரி அகன்ற மெல்லிய தகட்டில் அடித்தால் தகடு நெளிந்துவிடும், திருப்பி எடுப்பது மிகவும் கஷ்டம். மெல்லிய தகட்டுக்கு பெயின்ட் ரிமூவரோ மென்மையான துகள் வீச்சோ போதும். சுத்தம்செய்த இரும்பை அன்றே பிரைமர் பூசி மூடுங்கள், ஈரக்காற்றில் ஒரே இரவில் துரு திரும்பும்.

பெயின்டுக்கு முன் காரை வெறுமனே ஒருமுறை முழுக்கப் பொருத்திப் பாருங்கள். கதவு, கண்ணாடி, பம்பர், பட்டை, நீங்கள் சேர்க்கப்போகும் புது இருக்கை, புது என்ஜின் மவுன்ட், ரேடியேட்டர், ஒயர் போகும் துளை, எல்லாவற்றையும். வெட்டுவதும் துளைப்பதும் வளைப்பதும் இந்தக் கட்டத்தோடு முடியவேண்டும். இதைத் தவிர்த்து நேரே பெயின்டுக்குப் போனவர்கள் புதுப் பெயின்டில் டிரில் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் மனம் வலிக்கும். இரண்டு பாகம் கலந்து அடிக்கும் பெயின்டில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் உண்டு, நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும். வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவரும் முகமூடி இல்லாவிட்டால் அதைத் தொழில்காரரிடமே விடுங்கள்.

7. என்ஜின்

பிரிக்குமுன் கம்ப்ரெஷனை, அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் எழும் அழுத்தத்தை, அளந்துகொள்ளுங்கள். சிலிண்டர்களுக்கு இடையே 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்கவும். ஏறினால் பிஸ்டன் ரிங்கில் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வையோ, என்ஜினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியிலுள்ள கேஸ்கெட்டையோ சந்தேகப்படலாம். இது ஒன்றே தேவையில்லாத ரீபோர் (சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கும்) செலவைத் தடுக்கக்கூடும்.

ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்த பழைய என்ஜின்களில் வால்வ் சீட் (வால்வ் வந்து அமரும் இடம்) மென்மையாக இருக்கும். இன்றைய பெட்ரோலில் நீண்ட தூரம் வேகமாக ஓட்டினால் அது தேயும். ஹெட்டைக் கழற்றித்தானே வைத்திருக்கிறீர்கள், கடினமான சீட் போட்டுவிடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாயைத் தின்று கசியவைக்கும், ‘எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9’ என்ற தரக் குறி அச்சிட்ட குழாயை வாங்கிப் போடுங்கள். வெளித்தோற்றம் நன்றாக இருக்கிறதென்று பழையதை விட்டுவைப்பது தீயை அழைப்பது.

8. மாற்றங்களின் வரிசை: நிற்கும் சக்தி முதலில்

குதிரைத்திறனைக் கூட்டத்தான் எல்லோருக்கும் கை துடிக்கும். அதைக் கடைசியில் வையுங்கள். பிரேக், ஸ்டியரிங்-சஸ்பென்ஷன், குளிர்விப்பு, அப்புறம்தான் என்ஜின்.

1960-கள் வரை வந்த பல கார்களில் பிரேக் ஒரே சுற்றாக இருக்கும். ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டருக்கு (மிதியை அழுத்தியதும் பிரேக் ஆயிலைத் தள்ளும் பாகம்) மாறுவதுதான் என் கணக்கில் முதல் மாற்றம். முன்சக்கர டிஸ்க் அதற்கு அடுத்தது. டிஸ்க் போடும்போது மாஸ்டர் சிலிண்டரின் அளவும் பின்பிரேக்கின் பங்கும் பொருந்தவேண்டும், இல்லாவிட்டால் அவசரத்தில் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுற்றும். மொத்த செட்டாக ஒரே மாடலிலிருந்து எடுப்பது உத்தமம். பிரேக் ஆயிலின் தர வகைகளில் டாட் 3, 4, 5.1 ஒரு குடும்பம். டாட் 5 சிலிகான், அவற்றோடு சேரவே கூடாது. பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் கடையில் மாறிப்போகும், டப்பாவைப் படித்து வாங்குங்கள். டாட் 4 சிந்தினால் புதுப் பெயின்ட் உரிந்து வரும் என்பதையும் மறக்காதீர்கள்.

சீட் பெல்ட் இல்லாத காரில் பெல்ட் போடுகிறவர்கள் மெல்லிய தரைத்தகட்டில் நேரே போல்ட் போடக்கூடாது. பின்னால் தடித்த தகடு வெல்டிங் வைத்து அதில் பூட்டவேண்டும்.

வேறு என்ஜின் போடுகிறீர்கள் என்றால் அது என்ஜின் செலவோடு நிற்காது: மவுன்ட், கியர்பாக்ஸ், புரொப்பெல்லர் ஷாஃப்ட், ரேடியேட்டர், எக்ஸாஸ்ட், ஒயரிங், முன் ஸ்பிரிங், அதற்குமேல் பதிவு மாற்றம். இவை எல்லாவற்றுக்கும் விலை எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். முதல் காரில் பழைய என்ஜினையே நன்றாகக் கட்டி, எலெக்ட்ரானிக் இக்னிஷன் ஒன்றைச் சேர்ப்பதே போதும் என்பது என் எண்ணம். முன்பு அந்த வேலையைச் செய்த பழைய பாயின்ட்டும் கண்டென்சரும் டிக்கியில் இருக்கட்டும், வழியில் நின்றால் மாட்டிக்கொண்டு வீடு வரலாம்.

9. ஒயரிங்

ஆயில் பட்டு விறைத்த துணி ஒயர்களை ஒட்டுப்போடாமல் புது ஹார்னஸ் (முழு ஒயர்க் கட்டு) வாங்குங்கள். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் எர்த். ஆல்டர்னேட்டரோ புது இக்னிஷனோ போடுமுன் இதைப் பார்க்காவிட்டால் போட்ட நொடியில் அது எரிந்துபோகும். பிரகாசமான ஹெட்லைட் வேண்டுமென்றால் ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் சுவிட்ச்) வையுங்கள். பழைய சுவிட்ச் அத்தனை கரண்டைத் தாங்காது. பியூஸின் எண்ணிக்கையைக் கூட்டி, பேட்டரிக்கு ஒரு கட்-ஆஃப் சுவிட்சும் வைத்துவிடுங்கள்.

10. முதல் ஸ்டார்ட், சோதனை, முதல் சில நூறு கிலோமீட்டர்

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் அழுத்தம் காட்டும்வரை ஸ்டார்ட்டரால் சுற்றுங்கள். தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில், ஒரு ஆளும் கூட இருக்கட்டும். வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட்டும் அதன்மேல் உரசும் தட்டையான டாப்பெட்டும் புதிதாகப் போட்டிருந்தால் உடனே ஐடிலில் விடாதீர்கள்: நிமிடத்துக்கு 2000 சுற்றுக்கு மேல் 20 நிமிடம் ஓடவேண்டும், ஜிங்க் அதிகமுள்ள ஆயிலில். இன்றைய சாதாரண ஆயில்களில் ஜிங்க் குறைவு.

ஓடத் தொடங்கிய உடனேயே சோதனைக்குத் தேதி வாங்காதீர்கள். முதலில் அருகிலேயே குறுகிய ஓட்டங்கள். கசிவு, சூடு, பிரேக் ஒரு பக்கம் இழுப்பது எல்லாம் அப்போதுதான் தலைகாட்டும். பதிவில்லாத காரைப் பொதுச்சாலையில் ஓட்ட என்ன அனுமதிச் சீட்டு வேண்டும் என்பதையும் முன்பே கேட்டு வையுங்கள். சோதனைக்குப் போகும்போது பதிவுச் சான்று, மாற்றங்களுக்கு வாங்கிய எழுத்து அனுமதி, புது என்ஜின் என்றால் அதன் ரசீதும் பழைய உரிமையாளரின் விற்பனைக் கடிதமும், வெல்டிங் வேலையின் படங்கள், இன்ஷூரன்ஸ் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். மூடிய இடத்துக்குள் என்ன செய்தீர்கள் என்று கேட்டால், படத்தைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

முதல் 50 கிலோமீட்டரில் சக்கர நட்டுகளை, முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் மறுபடி முறுக்குங்கள். கேஸ்கெட் செய்தவர் சொல்லியிருந்தால் ஹெட் போல்ட்டுகளையும் மறுபடி முறுக்கவேண்டும். 500 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றும்போது பழைய ஃபில்டரை அறுத்துப் பிரித்து, மடிப்புகளை வெளிச்சத்தில் பாருங்கள். மெல்லிய சாம்பல் நிறத் தூள் இருந்தால் பயமில்லை. பளபளக்கும் செதில்களோ செம்பு நிறத் துகளோ தெரிந்தால் பேரிங்கைப் பார்க்கும்வரை காரை எடுக்காதீர்கள்.